குரூப்ல போட்டா "சொன்னாச்சு"ன்னு ஆயிருமா? ஒரு துட்டி வீட்டு சண்டையும் என் அசைன்மெண்டும்

முக்கூடல்_பய

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிடுங்க.

நான் எம்.ஏ. மக்கள் தொடர்பியல் ரெண்டாம் வருசம். டிஜிட்டல் வந்த பொறவு தகவல் தொடர்பு மாதிரிகள் எப்படி மாறியிருக்குன்னு பத்து பக்கம் எழுதச் சொல்லியிருக்காவ. புத்தகத்துல உள்ளத அப்படியே இறக்கிரலாம். 1948-ல லாஸ்வெல், யாரு, என்னத்த, எந்த வழியா, யாருக்கு, என்ன விளைவோட சொன்னான்னு அஞ்சு கேள்வி. அதே வருசம் ஷானன். 1954-ல ஷ்ராம், 1960-ல பெர்லோ. ஆளுக்கொரு மாடல், எல்லாம் டப்பா டப்பாவா படம், நடுவுல அம்புக்குறி. எழுத உக்காந்தா மனசு ஓட மாட்டேங்கு, ஏன்னா வீட்டுல ஒரு சண்டை ஓடிட்டு இருக்கு, அது இந்த படத்துக்குள்ள எங்கன வரும்னே தெரியல.

பத்து நாள் முன்ன எங்க ஆச்சி, அப்பாவப் பெத்த ஆச்சி, ராத்திரி மூணரைக்கு தவறிட்டாவ. சித்தப்பா 4.40-க்கே சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஆச்சி போட்டோவோட போட்டுட்டாவ, எடுக்குறது மத்தியானம் மூணு மணின்னு. குரூப்ல 140 பேரு. அப்பா, சித்தப்பா, அத்தை மூணு பேரும் போன்ல சொல்ல வேண்டியவங்கள பங்கு போட்டுக்கிட்டாவ, ஆனா களக்காட்டு தாத்தா யாரு பங்குன்னு தெளிவில்லாம, இவரு சொல்லியிருப்பாரு அவரு சொல்லியிருப்பாருன்னு மூணு பேருமே விட்டுட்டாவ. குரூப்லதான் போட்டாச்சேன்னு வேற ஒரு நெனப்பு.

களக்காட்டு தாத்தான்னா ஆச்சி கூடப் பொறந்த தம்பி, அப்பாவுக்கு தாய்மாமா. பொறந்த வீட்டு கோடி, கடைசியா போடுத புதுச்சேலை, அவரு கையால வரணும். பன்னெண்டு மணிக்கு மேலதான் யாரோ ஒருத்தங்க, தம்பிகாரர எங்கன்னு கேட்டாவ. போன் போட்டா ரிங் போகுது, எடுக்க ஆளில்ல. மூணு மணி நாலாச்சு, பொறவு தூக்கிட்டாவ. தாத்தா ஆறு மணிக்கு வந்தாரு. ஊர்ல டீக்கடையில யாரோ சொல்லித்தான் தெரிஞ்சிருக்கு. கோடிச்சேலை மஞ்சப்பையில இருந்துச்சு. உள்ள வரல, நடையிலயே நின்னு "பொறந்த வீட்டு கோடி போடாம எங்க அக்காவ தூக்கிட்டியளே"ன்னு ஒரே ஒரு வார்த்தை. சேலைய திண்ணையில வச்சுட்டு போயிட்டாரு.

இதோட விட்டிருந்தா பரவால்ல. எங்க அத்தை மவன் ஒருத்தன் இருக்கான், சவம், சும்மா இருக்க மாட்டான், சித்தப்பா போன வாங்கி குரூப்ல அவரு போட்ட மெசேஜ்ல இன்ஃபோ போயி பாத்து, தாத்தா நம்பர் 5.12-க்கு படிச்சாச்சுன்னு காட்டுதத ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்லயே போட்டுட்டான். "பாத்துட்டு பாக்கலன்னு சொல்லலாமா தாத்தா"ன்னு. அன்னைக்கே தாத்தா நம்பர் குரூப்ப விட்டு லெஃப்ட். அதுல இருந்து பேச்சுவார்த்தை இல்ல.

என் கேள்வி இதான். அனுப்புனது போயிருக்கு, படிச்சதாவும் காட்டுது, ஆனா ஒருத்தர் "எனக்கு யாரும் சொல்லல"ங்காரு. எனக்கு என்னமோ தாத்தா பக்கம் நியாயம் இருக்குன்னு தோணுது. இது எந்த மாடல்ல வரும்?

தந்தி_அண்ணாச்சி

தம்பி, முதல்ல ஆச்சிக்கு எங்க வருத்தத்த சொல்லிக்கிடுதேன். கல்யாணச் சாவா இருந்தாலும் வீட்டுல ஒரு ஆளு குறைஞ்சது குறைஞ்சதுதான்.

நான் 34 வருசம் தந்தி, டெலிபோன்லயே கிடந்து ரிட்டயர்டு ஆனவன், பாளையங்கோட்டை. ஷானன் பேரக் கேட்டதும் கை சும்மா இருக்க மாட்டேங்கு. உங்க புத்தகத்துல அனுப்புநர், செய்தி, வழி, பெறுநர்னு நாலு டப்பா போட்டிருக்கும். ஷானன் போட்ட படம் அது இல்ல வே. அவரு பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்த ஆளு, அவருக்கு கவலையெல்லாம் ஒயருல போறது கெடாம போயி சேரணும்ங்கதுதான். அர்த்தம் என்னங்கது இன்ஜினியர் பிரச்சனை இல்லன்னு அந்த 1948 கட்டுரையோட ஆரம்பத்துலயே எழுதிட்டாரு. அடுத்த வருசம் வீவர்னு இன்னொருத்தருதான் அத மனுசப் பேச்சுக்கெல்லாம் இழுத்து விரிச்சது.

முக்கியமானது என்னன்னா அவரு படத்துல ரிசீவர் தனி டப்பா, டெஸ்டினேஷன் தனி டப்பா. ரிசீவர்ங்கது கருவி, வந்த சிக்னல மறுபடி செய்தியா மாத்தி குடுக்கது. டெஸ்டினேஷன்தான் அந்த செய்தி யாருக்குன்னு வந்துச்சோ அந்த ஆளு. நம்ம பழைய கறுப்பு போன்ல ரிசீவர்னு எதச் சொல்லுவோம்? காதுல வைக்கிற கட்டைய. மனுசன இல்ல. பின்னால பாடம் எழுதுனவங்க ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக்கி பெறுநர்னு ஒரே பேர வச்சுட்டாவ. உங்க வீட்டுல நடந்தது அதேதான். ரிசீவருக்கு போயிட்டு, டெஸ்டினேஷனுக்கு போகல. நீல டிக்குங்கது ரிசீவர் போடுற கையெழுத்து. 2014 நவம்பர்ல அது வந்தப்பவே என் மருமவன்கிட்ட சொன்னேன், இது நெறைய குடும்பத்தப் பிரிக்கும்னு, சிரிச்சான்.

எங்க காலத்துல தந்திய கொண்டுபோயி குடுத்தா வாங்குனவங்க கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும். வார்த்தைக்கு காசு, அதனால "அப்பா சீரியஸ் உடனே புறப்படு"ன்னு நாலு வார்த்தையில முடிஞ்சிரும். தந்திக்காரன் சைக்கிள் தெருவுல திரும்புனாலே பொம்பளைங்க அழ ஆரம்பிச்சிருவாவ, உள்ள மாப்பிள்ளைக்கு வேலை கிடைச்ச சேதியா கூட இருக்கும், யாரு பிரிச்சுப் பாத்தா. வாழ்த்து தந்திக்கு நம்பர் உண்டு, கல்யாணம், தீவாளி, பொங்கல்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசகம், நாம நம்பர மட்டும் அனுப்புவோம், அந்தப் பக்கம் முழு வாசகமா எழுதி குடுப்பான். இப்ப நீங்க ஸ்டிக்கர்னு போடுதியளே அதான் அது. 2013 ஜூலை 14 ராத்திரியோட தந்திக்கு மூடுவிழா. அன்னைக்கு கவுண்டர்ல கூட்டம் பாத்தியளா, அதுவரைக்கும் தந்தியே அடிக்காதவன்லாம் தனக்குத் தானே அடிச்சுக்கிட்டான்.

இன்னொண்ணு, ரிடண்டன்சின்னு ஒண்ணு சொல்லுவாரு ஷானன். ஒரே சேதிய கொஞ்சம் கூடுதலா, ரெண்டு மூணு விதமா சொன்னா இரைச்சல்ல பாதி போனாலும் மீதிய வச்சு புரிஞ்சுக்கலாம். நம்ம ஊர்ல ஒரு சாவுன்னா சங்கு ஊதுவான், கொட்டடிப்பான், ஆளு நேர்ல வந்து சொல்லுவான், வாசல்ல கூட்டம் நிக்கும். தெரியாமப் போக வழியே இல்ல. குரூப்ல ஒருக்கா போட்டுட்டு விட்டா ஒத்த ஒயருல தொங்குத மாதிரி.

வாழைத்தோட்டம்

தம்பி ஒரு சந்தேகம். 5.12-க்கு அந்த போன் யாரு கையில இருந்துச்சுன்னு கேட்டியளா? நான் களக்காடுதான், அந்த வயசு ஆளுங்க விடியக்காலம் அஞ்சு மணிக்கு தோட்டத்துல தண்ணி பாச்சிட்டு நிப்பாங்க, குரூப் பாத்துட்டு நிக்க மாட்டாங்க. அதுவும் போக, குரூப்ப திறந்தாலே உள்ள இருக்கது அம்புட்டும் படிச்சதா காட்டிரும். தனி மெசேஜுக்கு நீல டிக்க அணைச்சு வைக்கலாம், குரூப்புக்கு அணைக்கவும் முடியாது.

முக்கூடல்_பய

@வாழைத்தோட்டம் கேக்கலண்ணே. நம்பர்ல தாத்தா போட்டோதான் இருக்கு, அதனால அவருன்னே நெனச்சோம். நீங்க சொன்ன பொறவு குரூப்ப மறுபடி மேல இழுத்துப் பாத்தேன். சித்தப்பா போட்டதுக்கு கீழயே அஞ்சு மணிக்கு ஒருத்தவங்க ரோஜாப்பூ படம் போட்டு இனிய காலை வணக்கம்னு போட்டுருக்காவ. அதுக்கு கீழ முட்டிவலிக்கு பிரண்டை துவையல் வீடியோ. மேல என்ன இருக்குன்னே பாக்கல.

சேரன்மாதேவி_சுந்தரம்

நேர்ல ஆள் போயி சொல்றதப் பத்தி இங்க ஏக்கமா பேசுதாங்க, அதனால நானும் சொல்லிருதேன். எங்க தாத்தா துட்டி சொல்லப் போனவரு.

ஊர்ல பெரிய வீட்டுல யாரு செத்தாலும் அவரத்தான் கூப்பிடுவாங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் போகணும், மழைன்னாலும் போகணும், சொந்தக்காரங்க இருக்க ஏழெட்டு ஊரு, பாதி நடை பாதி பஸ்சு. பஸ்சுக்கு காசு குடுத்தாதான் பஸ்சு. போன வீட்டுல வாசலுக்கு வெளிய நின்னு சொல்லணும், உள்ள கூப்பிட மாட்டாங்க, தண்ணி குடுத்தா எந்தப் பாத்திரத்துல குடுப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கூலின்னு கணக்கு கிடையாது, நெல்லோ சில்லறையோ அவங்களா பாத்து போடுறதுதான். அதுல ஒரு வீடு விட்டுப் போச்சுன்னா ஏச்சு மட்டும் கணக்கா வரும், மெசேஜ் இன்ஃபோ எல்லாம் தேவையே இல்ல.

தம்பி உங்க படத்துல வழின்னு ஒரு கோடு போட்டிருக்கும்லா, ரெண்டு டப்பாவுக்கு நடுவுல. அந்தக் கோடு எங்க தாத்தா. அந்த வேலை இப்ப வாட்ஸ்அப்புக்கு போயிட்டுன்னா எனக்கு சந்தோசம்தான், என் மவன் அந்தக் கோடா இருக்க வேண்டாம். ஆனா உங்க களக்காட்டு தாத்தா கேக்கது எனக்கும் புரியுது. அவருக்கு கூலியாள் வந்து சொல்லணும்னு இல்ல, உங்க அப்பாவோ சித்தப்பாவோ போன்லயாவது பேர் சொல்லி கூப்பிட்டு சொல்லியிருக்கணும். அதுக்கு எந்த டெக்னாலஜியும் தடையா நிக்கலியே.

தந்தி_அண்ணாச்சி

@சேரன்மாதேவி_சுந்தரம் நீங்க சொன்னது சரி. நான் கொட்டு சங்குன்னு லேசா எழுதிட்டேன், அத அடிச்சது யாருன்னு யோசிக்கல. மன்னிச்சுக்கிடுங்க.

அம்பை_மைனி

நான் கொஞ்ச நாள் காலேஜ்ல பாடம் எடுத்தவ, அசைன்மெண்டுக்கு ஒரு கைகாட்டி மட்டும் குடுக்கேன், மீதி நீங்களே தேடிக்கிடுங்க. 1975-ல ஜேம்ஸ் கேரின்னு ஒரு அமெரிக்க பேராசிரியர், தகவல் தொடர்புன்னா ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு சேதிய கடத்துறதுன்னு மட்டும் பாக்காதீங்க, சடங்கு மாதிரியும் பாருங்கன்னு எழுதுனாரு. சேர்ந்து இருக்கோம், ஒரே கூட்டம்ங்கத காட்டிக்கிடுத காரியம்னு. துட்டி சொல்றது அந்தக் கணக்கு. உங்க தாத்தாவுக்கு தெரிஞ்சுதா இல்லியாங்கது பாதி வழக்குதான். கோடி போடுத உரிமையுள்ள ஆளுன்னு அவர மதிச்சு ஒரு குரல் போச்சாங்கது மீதி. 5.12-க்கு அவரே படிச்சிருந்தாலும் அவரு கோவப்பட்டிருப்பாரு, எழுதி வச்சுக்கோங்க.

காலை வணக்கம் ரோஜாப்பூவ ரொம்ப திட்டாதிய. 1923-லயே மாலினோவ்ஸ்கின்னு ஒரு மானிடவியல்காரரு சொல்லிட்டாரு, சேதியே இல்லாத பேச்சுன்னு ஒண்ணு உண்டு, உறவு அறுந்து போகாம பாத்துக்கிடுத பேச்சுன்னு. நம்ம தெருவுல "என்ன தண்ணிக்கு போறியளா"ன்னு குடத்தோட போறவகிட்ட கேப்போம்லா, குடம் தெரியத்தான செய்யுது, இருந்தும் கேப்போம். அது மாதிரிதான் ரோஜாப்பூ. சிக்கல் என்னன்னா தண்ணிக்கு போற பேச்சும் துட்டி சேதியும் ஒரே திண்ணையில, ஒரே சத்தத்துல விழுது. முன்ன சாவுச் சேதிக்குன்னு குரல் தாழும், கதவுல கைய வச்சு நிப்பாங்க, மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிரும். இப்ப பிரண்டை துவையலுக்கும் ஆச்சிக்கும் ஒரே டிங்.

அப்புறம் குரூப்புங்கதே ஒரு விநோதமான திண்ணை. மாமியார், கொழுந்தன், சம்பந்தி வீடு, எங்க அம்மா வீடு எல்லாம் ஒரே இடத்துல. எங்க அக்காகிட்ட பேசுத மாதிரி அதுல பேச முடியுமா, மாமியாகிட்ட பேசுத மாதிரி அக்காகிட்ட பேசுனா அவ சிரிப்பா. அதனால எல்லாரும் என்ன செய்யுதாங்க, கைகூப்புத பொம்மையும் "ஆழ்ந்த இரங்கல்"னும் போட்டுட்டு ஒதுங்கிருதாங்க. போன வாரம் எங்க குரூப்ல ஒரு இரங்கல் வந்துச்சு, மூணு பத்தி, அம்புட்டு அழகான தமிழ், இறந்தவங்க பேரத் தவிர அவங்களப் பத்தி ஒரு வரி இல்ல. ஏஐ எழுதிக் குடுத்ததுன்னு பாத்ததும் தெரியுது. போட்டவன் எங்க சித்தி மவன், அவனுக்கு ரெண்டு வரி சேர்ந்தாப்ல எழுத வராது. அவன் "பெரியம்மா போயிட்டாவளே"ன்னு தப்பும் தவறுமா போட்டிருந்தா நான் அழுதிருப்பேன். அங்க அனுப்புநர் டப்பாவுல யாரு பேர போடுவிய தம்பி?

மேலப்பாளையத்தான்

எல்லாரும் புதுசு புதுசுன்னு சொல்லுதிய, எனக்கு பாதி பழசாத்தான் தெரியுது.

எங்க வாப்பா 80-கள்ல சவூதில இருந்தாவ. எங்க உம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. லெட்டர் வந்தா பக்கத்து வீட்டு அண்ணன் படிச்சு சொல்லணும், அப்படி படிக்கும்போது எதச் சொல்லணும் எத விடணும்னு அந்த அண்ணன்தான் முடிவு பண்ணுவாரு, உம்மா பதில் சொல்லும்போதும் பாதிய முழுங்கிருவா, அன்னிய ஆம்பளைட்ட என்னத்த சொல்லி எழுதச் சொல்லுவா. அப்ப கேசட் வந்துச்சு. ஊருக்கு வாரவங்ககிட்ட பேசி குடுத்து விடுவாவ, உம்மா கதவ அடைச்சுட்டு டேப்ரிக்கார்டர்ல போட்டு கேப்பா. அதே கேசட்டுல மறுபக்கம் இவ பேசி குடுத்து விடுவா. பின்னால கோழி கத்துத சத்தத்தோட அது போகும். வாப்பா அந்தக் கோழிச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப போட்டு கேப்பாவன்னு பொறவு சொன்னாவ.

2013-ல வாட்ஸ்அப்ல குரல் மெசேஜ் வந்ததும் உம்மாவுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அவளே புடிச்சுக்கிட்டா. இது நம்ம கேசட்டுலாங்கா. ஒரு மாசம் ஆனது இப்ப ஒரு செகண்டு, அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு மாசமும் சும்மா போகல பாத்துக்கிடுங்க. இப்ப நான் அனுப்பி அஞ்சு நிமிசத்துல பதில் வரலன்னா என்னாச்சு, கோவமா, உடம்பு சரியில்லியான்னு அடிச்சுக்கிடுதா. பதில் வராம இருக்கதே ஒரு சேதியா போச்சு.

அதுக்கு நடுவுல மிஸ்டு கால்னு ஒண்ணு இருந்துச்சு, மறந்துட்டியளா? 2003 வரைக்கும் செல்போன்ல நமக்கு வார காலுக்கும் காசு. ஒரு ரிங்குன்னா ஜங்ஷன்ல இறங்கிட்டேன், ரெண்டு ரிங்குன்னா கூப்பிட வண்டிய எடுத்துட்டு வா. ஒரு வார்த்தை பேசல, ஒரு பைசா போகல, சேதி போயிட்டு. ஷானன் இதப் பாத்திருந்தா கையெடுத்து கும்பிட்டிருப்பாரு.

சும்மா_வந்தேன்

தாத்தாவ நேர்ல போயி பாத்து பேசி முடிக்க வேண்டியதுக்கு 1923, 1975னு வண்டி வண்டியா. நல்லாருங்கவே.

தாமிரபரணி_கரை

@சும்மா_வந்தேன் உமக்கு சும்மா. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம் மாட்டிக்கிட்டவன். ஸ்டேசன்ல எண்ணூறு பேரோட ரயில் நின்னுச்சே, அதே வெள்ளம். கரண்டு போச்சு, டவர் போச்சு. துபாய்ல இருக்க என் தம்பி அனுப்புன மெசேஜ் எல்லாம் ஒத்த டிக்கோட நின்னிருக்கு, மொத்தம் 61. அவன் அதையே பாத்துட்டு உக்காந்திருக்கான். கடைசியில டிராக்டர்ல பால் கொண்டுவந்த ஒரு பையன்கிட்ட துண்டு பேப்பர்ல நம்பர எழுதிக் குடுத்தேன், அவன் திருநெல்வேலி போற வேற ஒருத்தன்ட்ட குடுத்து, அவன் போன் போட்டு "உங்க அண்ணன் மாடியில இருக்காரு, நல்லாருக்காரு"ன்னு சொல்லியிருக்கான். ரெண்டு பேரு பேரும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தம்பி அசைன்மெண்டுல ஒத்த டிக்க விட்டுறாதிய. சேதி போகலங்கத அனுப்புனவனுக்கு அப்பப்ப காட்டிக்கிட்டே இருந்தது அந்த ஒத்த டிக்குதான். லெட்டர்ல அந்த வேதனை கிடையாது.

முக்கூடல்_பய

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளா வரல, காரணம் சொல்லுதேன்.

இங்க படிச்சத அப்பாகிட்ட சொன்னேன், ஷானன் எல்லாம் சொல்லல, போன் யாரு கையில இருந்துச்சுன்னு கேக்காமலே பேசிட்டோமேன்னு மட்டும். நாளன்னைக்கு பதினாறு. அதுக்கு சொல்லணும்ல, நேத்து நானும் அப்பாவும் சித்தப்பாவும் நேர்ல களக்காடு போனோம். தாத்தா வாங்கன்னு ஒத்த வார்த்தை சொன்னாரு. வண்டியிலயா பஸ்சிலயான்னு கேட்டாரு. காப்பி வந்துச்சு. துட்டி நாள் பேச்ச யாரும் எடுக்கல. அப்பா எந்திரிச்சு நின்னு, மாமா பதினாறுக்கு வந்து முன்ன நின்னு நடத்தி குடுக்கணும்னு சொன்னாவ, தாத்தா தலைய மட்டும் ஆட்டுனாரு.

வெளிய வரும்போது வாழைத்தோட்டம் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, நான்தான் மெல்ல கேட்டேன், தாத்தா உங்க வாட்ஸ்அப்ப எங்கன்னு. அவருக்கு வாட்ஸ்அப்பே இல்லியாம். லாக்டவுன்ல பேரன் ஆரம்பிச்சு குடுத்தது, அவரு போட்டோவ வச்சு. காலேஜுக்கு கோயம்புத்தூர் போகும்போது அந்த போனையும் சிம்மையும் அவனே கொண்டுபோயிட்டான். கேஸ் புக் பண்ணா ஓடிபி கூட அவனுக்குத்தான் போகுதாம், அவன் போன் போட்டு சொல்லுவானாம். குரூப்ப விட்டு லெஃப்ட் ஆனதும் அவன்தான், ஸ்கிரீன்ஷாட்ட பாத்து பயந்துபோயி. ராத்திரி பூரா முழிச்சு கிடந்து, விடியக்காலம் ரோஜாப்பூவ பாத்துட்டு மூடியிருக்கான். குரூப்ல சண்டைன்னு ஒண்ணு நடந்ததே தாத்தாவுக்கு நேத்துவரைக்கும் தெரியாது.

தாத்தாகிட்ட இருக்கது ஒரு பட்டன் போன். அந்த நம்பர் எங்க வீட்டுல ஒருத்தர்கிட்டயும் இல்ல. நான் என் போன எடுத்து பதியப் போனேன். "அதுல போடாத, நோட்டுல எழுது"ன்னு சொல்லி, உள்ள போயி பேரனோட பழைய கணக்கு நோட்டுல ஒரு தாள கிழிச்சு, அவரே கண்ணாடிய மாட்டிக்கிட்டு பத்து நம்பரையும் பெருசா எழுதி, அப்பா சட்டைப் பையில வச்சாரு.

அசைன்மெண்ட் இன்னும் ஒரு பக்கம் கூட எழுதல. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

தந்தி_அண்ணாச்சி

அத்தை மவன்கிட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்ட முதல்ல அழிக்கச் சொல்லுங்க தம்பி.